சருவத்தின் அளவுக்கு

அடித்தட்டு அலுமாரிக்குள் தோள்வரை நுழைந்து யோகம்மா சருவத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால் இடியப்பத் தட்டுகளும், ஓடாத ஒரு மிக்ஸியும், எந்தக் காலத்திலோ மூடியைத் தொலைத்த நாலைந்து டப்பாக்களும் மறியல் செய்துகொண்டு கிடந்தன.

"கொஞ்சம் சரிச்சு இழு, வரும்," என்றான் பின்னால் நின்ற ஸ்ரிபன்.

"என்ரை சருவம் எப்பிடி வரும் எண்டு எனக்குத் தெரியும்."

வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் அவன். டெனிஷில்தான் பேசினான். ஆனால் முப்பத்தைந்து வருஷம் டென்மார்க்கின் விபோர்க்கில் குடியிருந்து, முதியோர் இல்லத்துச் சமையலறையிலேயே வேலை செய்து ஓய்வெடுத்தவளுக்கு டெனிஷ் காதுக்குள் நுழையும்போதே தமிழாகிவிடும். ஸ்ரிபனுடைய டெனிஷ் மட்டும் கொஞ்சம் மரியாதை குறைந்த தமிழாக வந்து இறங்கும். அது அவளுடைய காதின் குற்றமாகவும் இருக்கலாம்.

சருவம் பெரிய சத்தத்தோடு வெளியே வந்தது. வாய் அகன்றது, பதினெட்டு லீற்றர் பிடிக்கும். விபோர்க்கில் எந்தத் தமிழ் வீட்டில் பிறந்தநாள் என்றாலும், சாமத்தியவீடு என்றாலும் பாயசம் இதற்குள்தான் கொதிக்கும்.

"சரஸ்வதி பூசைக்குப் பாயசம் வைக்கிற சருவம்," என்று அவள் தமிழில், கட்டிலில் கிடந்த கணவர் பக்கம் பார்த்துச் சொன்னாள். "இதுக்குள்ளையே உங்கடை பியரைக் காய்ச்சப் போறியள்?"

"அவவுக்கு வீணையைத் துடைக்கவே நேரம் காணாது," என்றார் தேவராசா. "சருவத்துக்குள்ளை வந்து எட்டிப் பாப்பாவே?"

குரல் மெலிந்துபோயிருந்தது. பகிடி மெலியவில்லை. நகரசபைக் கொம்யூன் கொடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில், சோபா இருந்த இடத்தில் கிடந்தது. அந்த வீட்டில் வரவேற்பறையும் சமையலறையும் ஒன்றுதான், நடுவில் சுவர் இல்லை. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, அடுப்புத் தெரிகிற மாதிரித் திருப்பிப் போடச் சொன்னவர் அவர்தான். குடலில் வந்த நோய் முதுகெலும்புக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். என்ன ஆசை என்று மகள் நிறோஷினி கேட்டபோது, ஊருக்குப் போகவேணும், கோயிலுக்குப் போகவேணும் என்று ஏதாவது சொல்லுவார் என்று யோகம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருக்காப் பியர் காய்ச்சவேணும்," என்றார். "குடிக்க இல்லை. மணக்க."

தேவராசாவும் ஸ்ரிபனும் சேர்ந்து பியர் காய்ச்சுவது ஸ்ரிபனுடைய கராஜில்; அங்கே இருப்பது ஒரு தரத்தில் ஐம்பது லீற்றர் எடுக்கிற கொதிகலன். மின்சாரத்தில் ஓடுவது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் இந்த வீட்டுச் செருகியில் பொருந்தாது. அதனால் ஐம்பதைப் பத்தாக்குவது என்று முடிவாயிற்று. அப்படித்தான் யோகம்மாவின் சருவத்துக்கு இந்தக் கதி வந்தது.

ஸ்ரிபன் கைபேசியைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தான். "எல்லாத்தையும் அஞ்சாலை பிரிச்சாச் சரி. மோல்ற் பத்துக் கிலோ, இப்ப ரெண்டு."

"ரெண்டு," என்றார் தேவராசா, கண்ணை மூடிக்கொண்டு.

"ஹொப் நூறு கிராம். இப்ப இருபது."

"இருபது."

"தோடம்பழம் அஞ்சின்ரை தோல்."

"ஒரு பழம்."

"கொத்தமல்லி ஐம்பது கிராம்."

"பத்து. யோகத்தின்ரை போத்திலிலை எடு."

இந்த வீட்டில் பதினாலு வருஷமாகக் கொத்தமல்லி நின்று பிடிப்பதில்லை. முதலில் சரக்குத்தூள் கூடுதலாக இடிக்கிறேனாக்கும் என்று நினைத்தாள். பிறகு நிறோஷினி மேல் சந்தேகப்பட்டாள். கடைசியில் ஒருநாள், காற்சட்டைப் பையைத் தோய்க்கப் போடும்போது உள்ளே ஒரு பிடி மல்லி. கேட்டால், "பியருக்குப் போடுறது," என்றார். "பியருக்கோ? மல்லியோ? என்னத்துக்கு?" என்று ஆசையோடுதான் கேட்டாள். "உமக்கு விளங்காது, விடும்," என்றார்.

அந்த ஒரு சொல்லைத்தான் அவள் இத்தனை வருஷமும் ஊறுகாய் மாதிரிப் போட்டு வைத்திருந்தாள்.

"கொதிக்க வைக்கிற சாறு," என்று ஸ்ரிபன் தொடர்ந்தான். "கராஜிலை ஐம்பத்தைஞ்சு லீற்றர் வைப்பம். ஒரு மணித்தியாலத்திலை அஞ்சு வத்தி ஐம்பது வரும். இஞ்சை பதினொண்டு வைச்சா, ஒண்டு வத்திப் பத்து."

தேவராசா ஒற்றைக் கண்ணைத் திறந்து யோகம்மாவைப் பார்த்தார்.

"பதினொண்டு," என்றார்.

யோகம்மா தோடம்பழத்தைச் சீவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். மோல்றை அஞ்சால் பிரிக்கலாம், தோலை அஞ்சால் பிரிக்கலாம், ஆவியை எப்படிப் பிரிக்கிறது? கொதிகலன் ஒடுங்கி உயர்ந்தது, ஒருமுறை ஸ்ரிபன் வீதியால் தள்ளிக்கொண்டு போனபோது கண்டிருக்கிறாள். இது அகன்ற வாய்ச் சருவம். இதற்குள் ஒரு மணித்தியாலம் கொதித்தால் ஒரு லீற்றரா போகும்? மூன்று போகும். பாயசம் வைக்கிறபோது பக்கத்தில் சுடுதண்ணீர்க் கேத்திலோடு நிற்பது எதற்காக?

சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"ஹோப்ரோவிலை நடந்த மாதிரி வராமல் பாத்துக்கொள்," என்றார் தேவராசா ஸ்ரிபனிடம்.

"ஹோப்ரோ," என்றான் ஸ்ரிபன். அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தேவராசாவுக்குச் சிரிப்பதற்கு மூச்சுக் காணாமல் கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். ஸ்ரிபன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஹோப்ரோவில் என்ன நடந்தது என்று யோகம்மாவுக்குத் தெரியாது. அந்தப் பெயரைச் சொன்னால் இவர்கள் சிரிப்பார்கள் என்று மட்டும் தெரியும். வேலிக்கு மேலால் அந்தச் சிரிப்பு எத்தனையோ சனிக்கிழமை இந்தச் சமையலறைக்குள் வந்திருக்கிறது. இந்த வீட்டுக்குள் அவர் ஒருநாளைக்குப் பேசுவது சாப்பாடு, மருந்து, மகள், மழை. சாப்பாட்டைப் பற்றியும் "காணும்" என்பதுதான். மிச்சத்தை எல்லாம் அவர் அங்கே கொண்டுபோய்க் கொட்டினார்.

அந்தக் கராஜில் ஒரு பெண் இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். சண்டை பிடித்திருக்கலாம், அழுதிருக்கலாம், ஊரும் அவள் பக்கம் நின்றிருக்கும். வழுக்கை விழுந்து, காதில் மயிர் முளைத்த ஒரு கிழவனோடு என்னவென்று சண்டை பிடிப்பது? ஆருக்குச் சொன்னாலும் சிரிப்பார்கள்.

யோகம்மா வாயை மூடிக்கொண்டாள். தோடம்பழத் தோலைக் கிண்ணத்தில் போட்டு ஸ்ரிபன் பக்கம் தள்ளினாள். வைக்கட்டும். பதினொன்று வைக்கட்டும். வற்றி அடிப்பிடித்துப் பாணியாகி நிற்கும்போது இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

மோல்றை, அந்த முளைகட்டி வறுத்த பார்லியை, துணிப்பைக்குள் கட்டிச் சூடுதண்ணீரில் ஊறவிட்டபோது வீடு முழுக்க ஒரு வாசம் எழுந்தது. வறுத்த உளுத்தம்மாவுக்கும் பாணுக்கும் நடுவில் ஒன்று. தேவராசா மூக்கை மேலே தூக்கிக்கொண்டார். நாலு நாளாக ஒன்றுக்கும் திறக்காத முகம் அது. நான் வைத்த ரசத்துக்கு இந்த முகம் இல்லையே என்று யோகம்மா நினைத்தாள்.

பையைப் பிழிந்து எடுத்து, சாறு கொதிக்கத் தொடங்கி, கைப்புக்குப் போடுகிற ஹொப் பூவும் போட்டான பிறகு ஸ்ரிபன் தொப்பியை எடுத்தான்.

"புளிக்கவைக்கிற ஈஸ்ற் கராஜிலை குளிர்பெட்டிக்குள்ளை இருக்கு. நாய்க்கும் சாப்பாடு வைச்சிட்டு வாறன். நீ கொஞ்சம் பாத்துக்கொள்ளுறியே?"

"நான் எங்கை போறன்."

அவன் வாசலால் போனான். வீடு அமைதியானது. சருவம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. யோகம்மா கழுவுதொட்டியோடு சாய்ந்து நின்று பார்த்தாள். நினைத்தபடியே இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் சாறு நின்ற இடத்தில், சருவத்தின் உட்புறத்தைச் சுற்றி மண்ணிறத்தில் ஒரு வளையம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதற்கு இரண்டு விரல் கீழே இப்போது கொதித்தது. அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. கேத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"இஞ்சாரும்," என்றார் தேவராசா.

"என்ன? நோகுதே?"

"இல்லை. எப்பிடி இருக்கு?"

"கொதிக்குது."

"வடிவாக் கொதிக்குதே?"

"ஓம்."

அவர் மூச்சை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார். "வேறை?"

"வேறை என்ன? கொதிக்குது."

"நீர் ஒண்டும் சொல்லேல்லை."

"நான் என்னத்தைச் சொல்ல? நீங்களும் உங்கடை சிநேகிதனும் கணக்குப் பாத்துத்தானே வைச்சனீங்கள். எனக்கு விளங்காது."

அவர் சிரித்தாரோ, முகத்தை அப்படி வைத்தாரோ தெரியவில்லை. "சரி," என்றார். "பாத்துக்கொண்டு நில்லும்."

யன்னலால் வெயில் வந்து அவருடைய கண்ணில் விழுந்தது. யோகம்மா போய்த் திரைச்சீலையைப் பாதி இழுத்துவிட்டாள். போர்வையைக் காலுக்குச் சரியாகப் போட்டாள். திரும்பி வந்து சருவத்தைப் பார்த்தாள். மூன்று விரல். ஒரு கோபமான திருப்தி அவளுக்குள் ஊறியது. இன்னும் கொஞ்சம். அவன் வரட்டும், வந்து எட்டிப் பார்க்கட்டும்.

ஸ்ரிபன் வந்தான். சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே அடுப்படிக்கு வராமல் கட்டிலுக்குப் போனான். அங்கேயே நின்றான்.

"நித்திரை," என்றாள் யோகம்மா. "இப்பதான் கண்ணயர்ந்தவர். எழுப்பாதை."

ஸ்ரிபன் தொப்பியைக் கழற்றினான்.

"இல்லை, யோகா," என்றான்.

அவள் கையில் இருந்த துணியால் மேசையை ஒருமுறை துடைத்தாள். அதே இடத்தை இன்னொருமுறை துடைத்தாள். எட்டு அடி வைத்தால் போய்விடக்கூடிய தூரத்தில் கட்டில் இருந்தது. நான் இங்கேயே நின்றேன், இவன் வெளியிலிருந்து வந்தான், இவனுக்குத்தான் முதலில் தெரிந்தது. அவருடைய கையைத் தொடும்போது, அது இன்னும் சூடாக இருக்கும்போது, யோகம்மாவுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, இந்த நினைப்புத்தான்.

பிறகு எல்லாம் ஒன்றுக்குமேல் ஒன்றாக நடந்தது. வீட்டுக்கு வருகிற தாதி வந்தாள், டொக்ரர் வந்து பார்த்து எழுதினார், ஓகூசிலிருந்து நிறோஷினி காரோடிக்கொண்டு வந்தாள். வந்தவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு "ஃபா," என்று டெனிஷில் அப்பாவைக் கூப்பிட்டாள், சின்ன வயதில் கூப்பிட்ட மாதிரி. தேவராசாவின் தமக்கை பூமணி மச்சாள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறவ. அவ வாசலிலேயே தலையில் கையை வைத்து "என்ரை ராசா," என்று தொடங்கி, கட்டிலுக்கு வருவதற்குள் பாதியில் நிறுத்தினா.

"என்ன மணம் இது?"

அப்போதுதான் எல்லோருக்கும் அடுப்பு ஞாபகம் வந்தது.

"சாவீட்டிலை உலை கொதிக்குது," என்றா மச்சாள், அடுப்பை நிற்பாட்டிக்கொண்டு. உள்ளே பார்த்து முகத்தைச் சுளித்தா. "இதென்ன யோகம், சாராயமே காய்ச்சிறாய்?"

"பியர் மச்சாள்."

"ஓ. அப்பச் சரி," என்றா மச்சாள் எரிச்சலோடு. "சனம் வரப்போகுது. உவன்ரை கடைசி நாளிலை பெண்சாதி தவறணை நடத்தினவள் எண்டு ஒஸ்லோ வரைக்கும் கதைப்பினம். நிறோ, இதைப் பிடி, கழுவுற தொட்டிக்குள்ளை ஊத்துவம்."

நிறோஷினி தாயைப் பார்த்தாள். "அம்மா?"

யோகம்மா எட்டிப் பார்த்தாள். சாறு பாதியாக வற்றிக் கறுத்து, பாணிப் பதத்தில் கிடந்தது. வளையத்துக்கும் அதற்கும் நடுவில் ஐந்தாறு விரல் வெறுஞ் சுவர். அவள் ஆசைப்பட்ட மாதிரியேதான் வந்திருந்தது. முகத்தைப் பார்த்துக்கொள்ளவேண்டிய இரண்டு பேரில் ஒருவருடைய முகத்துக்குக் கீழே நாடிக்கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஊத்துங்கோ," என்று சொல்லத்தான் போனாள்.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றான் ஸ்ரிபன். போவதற்காகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவன் ஒரு காலில் சப்பாத்தோடு அடுப்படி வரை வந்துவிட்டான். மச்சாள் அவனுடைய காலைப் பார்த்தா.

"தண்ணி விட்டாச் சரிவரும்," என்றான் யோகம்மாவிடம். "கொதிச்சாறின தண்ணி. பழுதாகேல்லை, வத்தினது மட்டுந்தான்."

"உன்ரை கணக்குப் பிழை," என்றாள் யோகம்மா.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

ஸ்ரிபன் மற்றக் காலைப் பார்த்தான், சப்பாத்து இல்லாததை. "நேற்று நான் பதினாலு எண்டுதான் போட்டனான். சின்னச் சட்டி, அகண்ட வாய், கூட வத்தும். இதென்ன பெரிய கணக்கே? தேவாதான் பதினொண்டு எண்டு சொல்லச் சொன்னவன்."

"ஏன்?"

"நீ பிடிப்பாயாம். சருவத்தைத் தூக்கின உடனையே பிடிப்பாயாம். பிடிச்சு எங்கள் ரெண்டு பேரையும் நல்லா ஏசுவாயாம். பேந்து, விடுங்கோ நான் பாக்கிறன் எண்டு அடுப்படியைப் பறிச்சுப்போடுவாயாம்." அவன் கொஞ்சம் நிறுத்தினான். "எப்பிடி உன்னைக் கூப்பிடுறது எண்டு அவனுக்குத் தெரியேல்லை. கூப்பிட்டா வரமாட்டாய் எண்டான். பிழைவிட்டா வருவாய் எண்டான்."

மச்சாளுக்கு டெனிஷ் அரைகுறை. நிறோஷினிக்கு முழுக்க விளங்கியது. அவள் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கட்டிலிலிருந்து அவர் சொன்னது யோகம்மாவின் காதுக்குள் மறுபடி வந்தது.

நீர் ஒண்டும் சொல்லேல்லை.

"எவ்வளவு தண்ணி?" என்று கேட்டாள் யோகம்மா.

"அஞ்சு லீற்றர் அளவிலை. கேத்திலிலை மூண்டு தரம்."

"இஞ்சை அடுப்பு மூட்டேலாது. செத்த வீடு. சவம் எடுக்கும் வரைக்கும் ஒண்டும் கொதிக்க வைக்கக்கூடாது. அயலுக்குள்ளை இருந்துதான் வரவேணும்."

"நான் அயல்தானே," என்றான் ஸ்ரிபன்.

மச்சாள் அந்தக் கதையில் தனக்கு விளங்கிய பகுதியைப் பிடித்துக்கொண்டா. "அயலிலை இருந்து வந்தாப் பிழை இல்லை," என்று ஒத்துக்கொண்டா. பிறகு மூடியை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, "இது எப்ப குடிக்கிற பதத்துக்கு வரும்? எட்டாம் நாளுக்கு வருமே?" என்று கேட்டா.

நிறோஷினி கேட்டுச் சொன்னாள். "நாலு கிழமை செல்லுமாம், மாமி."

"அப்ப முப்பத்தொராம் நாளுக்குப் படைக்கலாம்," என்றா மச்சாள். "ஐயர் போனாப்பிறகு. அவனுக்குப் பிடிச்ச சாமான்தானே." சொல்லிவிட்டுப் போய், விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினா.

ஸ்ரிபன் கேத்திலுக்குக் கை நீட்டினான். யோகம்மா கொடுக்கவில்லை.

"நான் வாறன்," என்றாள்.

பின்கதவால் இறங்கினாள். வேலி பீச் மரவேலி. குளிர்காலம் முழுக்கப் பழைய இலைகளை உதிர்க்காமல் பிடித்துக்கொண்டு, மண்ணிறத்தில் சரசரத்துக்கொண்டு நிற்கும். அதன் நடுவில் ஒரு பொட்டு. ஊரில் அடுத்த வளவுக்குப் போக வேலியில் விடுவதுபோல, தேவராசா தன் கையாலேயே வெட்டிவைத்த வழி. பதினாலு வருஷத்தில் யோகம்மா ஒருநாளும் அதற்குள்ளால் போனதில்லை. ஸ்ரிபன் வீட்டுக்கு நத்தார்ப் பலகாரம் கொண்டுபோவதென்றாலும் வீதியால் சுற்றிப் போய் மணியடித்துத்தான் கொடுப்பாள்.

கேத்திலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நுழைந்தாள். இரண்டு பக்கமும் பிடித்தது. அவர் ஒல்லி. தன்னுடைய அளவுக்குத்தான் வெட்டியிருக்கிறார். அவளுடைய கம்பளிச் சட்டையைக் கொப்புகள் பிடித்து இழுத்தன. பக்கவாட்டில் திரும்பி, ஒரு தோளை முதலில் விட்டு, மற்றத் தோளைப் பிறகு எடுத்தாள்.

வீதியால் சுற்றி வந்த ஸ்ரிபன் அந்தப் பக்கத்தில் நின்றான்.

"நீ இதாலை வாறேல்லையே?"

"எனக்குக் கொள்ளாது. அது அவன்ரை பாதை."

கராஜ் அவள் நினைத்திருந்ததைவிடச் சின்னது. கொதிகலன் மினுங்கிக்கொண்டு நின்றது. இரண்டு பிளாஸ்ரிக் பெட்டிகள் கவிழ்த்துப் போடப்பட்டிருந்தன, எதிரெதிராக. ஒன்றின் மேல் சாக்கு மடித்து வைத்திருந்தது. தட்டில் ஒரு கோப்பிப் போத்தலுக்குள் கொத்தமல்லி. போத்தலை அவள் அடையாளம் கண்டாள். அதை உடைத்துப்போட்டு ஒளிக்கிறாய் என்று நிறோஷினிக்கு ஏசியிருக்கிறாள், மகள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில்.

ஸ்ரிபன் தன்னுடைய கேத்திலையும் நிரப்பி, இரண்டையும் செருகினான். தண்ணீர் முனகத் தொடங்கியது. இருக்கச் சொல்லி மடித்த சாக்கைக் காட்டினான். யோகம்மா நின்றாள்.

"இஞ்சை இருந்து என்ன கதைக்கிறனீங்கள்?" என்று கேட்டாள். "இவ்வளவு வருஷமும்?"

"பெரிசா ஒண்டுமில்லை. ஹான்ட்போல். மோல்ற் விலை. கனக்க நேரம் சும்மா இருப்பம்."

"சும்மாவோ?"

"ஓம். அது கொதிக்கும். நாங்கள் பாத்துக்கொண்டிருப்பம்."

அவர்கள் ஏதோ பெரிய பெரிய கதைகள் பேசினார்கள் என்று நினைத்திருந்தபோது எரிந்ததைவிட இது கூட எரிந்தது. பேச்சை ஆரோடும் பேசலாம். சும்மா இருப்பதற்கு ஒரு ஆள் வேணும் என்று வேலியை வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஹோப்ரோவிலை என்ன நடந்தது?"

ஸ்ரிபன் தலையைச் சொறிந்தான். "ஒரு சிநேகிதன்ரை அறுபதுக்குப் பீப்பா கொண்டு போனம். வானின்ரை பின்கதவு பூட்டுப்படேல்லை. ஏத்தத்திலை பீப்பா உருண்டு இறங்கி, ஒரு பூக்கடைக்குள்ளை போய் நிண்டது. கடைக்காரி பூவை ஒதுக்கிவைச்சிட்டு, எத்தினை பேருக்கு எண்டு கேட்டவள்."

யோகம்மா காத்திருந்தாள். "பிறகு?"

"அவ்வளவுதான்." அவனே அதைச் சொல்லிப் பார்த்து ஏமாந்தவன் போல நின்றான். "அங்கை நிண்டிருந்தாத்தான் சிரிப்பு."

தண்ணீர் கொதித்து, கேத்தில் தானாக அணைந்தது.

திரும்பும்போது அவன் தன்னுடைய கேத்திலோடு வீதியால் போனான். அவள் பொட்டுக்குள்ளால் வந்தாள். சுடுதண்ணீர் சிந்தாமல் இருக்க இந்த முறை இன்னும் மெதுவாக நுழையவேண்டியிருந்தது.

உள்ளே தலைமாட்டில் குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். நிறோஷினி தகப்பனுடைய நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சாள், சின்ன வயதில் தம்பி மாமரத்தால் விழுந்ததைப் பாட்டாக அழுதுகொண்டிருந்தா. யோகம்மா ஆரையும் பார்க்காமல் அடுப்படிக்குப் போய், சருவத்தின் மூடியைத் தூக்கினாள். முதலாவது கேத்திலைச் சரித்தாள். பாணி இளகி, அடியிலிருந்து வாசம் மறுபடி எழுந்தது. ஸ்ரிபன் தன்னுடையதை நீட்டினான். அதையும் ஊற்றினாள். அவன் போய் இன்னொரு கேத்தில் கொண்டுவந்தான்.

"வளையத்துக்கு ஒரு விரல் கீழை நிப்பாட்டு," என்றான்.

அவள் சரித்த கேத்திலைப் பாதியில் நிறுத்தினாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள், கட்டில் பக்கம் திரும்பாமலே. மெதுவாகச் சொல்லவில்லை. அந்த வீட்டில் வழமையாகக் கறிச்சட்டியிலிருந்து சோபாவுக்குப் பேசுகிற சத்தத்தில் சொன்னாள். "தண்ணி காணாது. ஆர் உங்களுக்குப் பதினொண்டு எண்டு சொன்னது? இந்தச் சருவத்துக்குப் பதினாலு வைக்கவேணும். ரெண்டு ஆம்பிளையள் இருந்து கணக்குப் பாத்த வடிவைப் பாருங்கோ. விடுங்கோ, நான் பாக்கிறன்."

மச்சாளின் பாட்டு நின்றது. நிறோஷினி எழும்பப் போனாள். ஸ்ரிபன் வேண்டாம் என்று கையைக் காட்டினான். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஏச்சு வாங்குகிறவன் நிற்பதுபோல அடுப்படியில் தலையைக் குனிந்து நின்றான்.

யோகம்மா மிச்சத்தை ஊற்றினாள். சாறு ஏறிவந்து, வளையத்துக்கு ஒரு விரல் கீழே நின்றது. ஆவி யன்னலில் படிந்து வெளியே இருந்த வேலியை மறைத்தது. மூடியைப் போடக் கை நீட்டியபோது, சட்டைக்கையில் ஒரு காய்ந்த பீச் இலை கம்பளியில் சிக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. அதை நூல் அறாமல் மெல்லப் பிரித்து எடுத்தாள். குப்பைவாளி காலடியில்தான் இருந்தது. அவள் இலையைத் தன்னுடைய கொத்தமல்லிப் போத்தலுக்குப் பக்கத்தில், அடுப்படித் தட்டில் வைத்தாள்.